நான்கு பேர் கூடாரம்

சிலிம் ரிவரில், லியோங் கடையில்,
சாயத் தகரங்களுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவே
கூடாரங்கள் பைக்குள் சுருண்டு கிடந்தன.
"எம்பாட் ஓராங், போலே" என்றார் லியோங்,
நான்கு விரலை நீட்டி.

பெட்டியில் அச்சடித்த நால்வரைப் பார்த்தேன்.
எல்லாரும் ஒல்லி. எல்லாரும் மல்லாந்து.
ஒருவருக்கும் தலையணை இல்லை.
என் வீட்டுக்காரர் குணாளன், குறட்டையோடு
ஒன்றரை ஆள்.
கிருத்திக் படுக்கும்போது தலை இருந்த இடத்தில்
விடியும்போது கால் இருக்கும்.
லோகஷினிக்குப் பதினான்கு;
இந்த வருஷம் என்னைவிட இரண்டு விரல் உயரம்.

அப்படியானால் ஆறு பேர் கூடாரம் என்றேன்.
அறுநூற்று இருபது வெள்ளி என்றார் லியோங்.
அப்படியானால் நாங்கள் நான்கு பேர்தான் என்றார் குணாளன்.

கொதிகலன் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்,
முதலில் தேடியது ஜன்னல் வலையை.
இரண்டு பக்கமும் காற்று வேண்டும்,
இல்லையென்றால் அவிந்துபோவோம் என்றார்,
ஏதோ இட்லியைப் பற்றிப் பேசுவதுபோல.

'மூவாயிரம் மில்லிமீட்டர்' என்று ஒரு தாள் தொங்கியது.
அவ்வளவு மழை தாங்குமாம்.
எனக்குத் தெரிந்த மழைக்கு வேறு அளவு.
பதினொரு வருஷமாக ஆலையின் எடைப்பாலத்தில் இருக்கிறேன்.
நனைந்த செம்பனைக் குலைகளோடு லோரி ஏறி நின்றால்
எண் துள்ளும்;
பழம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று
ஓட்டுநர் முகத்தைப் பார்க்காமல் கழிக்க வேண்டும்.
துணியைக் கிள்ளினேன். தையலை விரித்தேன்.
மேலே ஒட்டிய நாடா ஒரு மூலையில் உரிந்திருந்தது.
அந்த மூலை போதும்
நவம்பர் மாதத்துக்கு.
வேறொன்று எடுங்கள் என்றேன்.

லோகஷினியைக் காணோம்.
பூச்சிமருந்து அடுக்குக்குப் பின்னால்
இரண்டு பேர் கூடாரம் ஒன்றைத் தானே விரித்து
உள்ளே படுத்திருந்தாள், காலணி மட்டும் வெளியே.
"இது எனக்கு."
தனியாகவா என்றேன்.
அவள் கணக்கோடு இருந்தாள்:
முந்நூற்றுப் பத்தொன்பதும் நூற்று நாற்பத்தொன்பதும்
நானூற்று அறுபத்தெட்டு.
ஆறு பேர் கூடாரத்தைவிட நூற்று ஐம்பத்திரண்டு மிச்சம்.
எங்கே கழிக்கலாம் என்று பார்த்தேன்.
தண்ணீர் இல்லாத கணக்கு.

அந்த மிச்சத்தில்
தலைவிளக்கு இரண்டு, கேஸ் அடுப்பு ஒன்று,
மண் இளகினாலும் பிடிக்கும் நீள முளைகள்.
அட்டைக்கு உப்பும் புகையிலையும் வீட்டில் இருந்தன.
தரைவிரிப்பு வேண்டாம் என்றார் குணாளன்,
லோரி படுதா கொண்டுவந்தார்.
அதில் பனையெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.

ஊலு சிலிம் போவதற்கு முந்தின சனிக்கிழமை
குவார்ட்டர்ஸ் திடலில் ஒத்திகை.
"வீட்டைவிட்டு விரட்டிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே
சவரிமுத்து அண்ணன் ஒரு முளையைப் பிடித்துக்கொண்டார்.
லோகஷினி தன்னுடையதை
எங்களிடமிருந்து பதினேழு தப்படி தள்ளி அடித்தாள்.
ஆற்றங்கரையில் அவ்வளவு இடம் இருக்காதே என்றேன்.
இருக்கும், பார்த்து வைத்திருக்கிறேன் என்றாள்,
தண்ணீர் ஏறாத மேடாம்.

பத்து மணிக்கு அவள் ஜிப்பை இழுத்தாள்.
நீளமான சத்தம்.
இத்தனை நாள் அறைக்கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

ஒரு மணிக்கு மழை.
குணாளனும் கிருத்திக்கும் அசையவில்லை.
தலைவிளக்கை மாட்டிக்கொண்டு போனேன்.
முளை ஆடவில்லை. கயிறு தளரவில்லை.
மேல்துணியில் விழுந்த மழையெல்லாம்
ஒழுங்காக வழிந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.
எனக்கு அங்கே வேலை இல்லை.
இருந்தும் நின்றேன்.

"அம்மா, லைட் கண்ணைக் குத்துது."
அணைத்தேன்.
ஜிப் ஒரு சாண் திறந்தது, ஒரு கை வந்தது.
"தலைகாணி எடுக்க மறந்துட்டேன்."

என்னுடையதைக் கொடுத்துவிட்டு வந்து,
ஒன்றரை ஆளுக்கும் ஒரு காலுக்கும் நடுவில்
பெட்டியில் அச்சடித்த பெண்ணைப் போல
மல்லாந்து படுத்தேன்.